ட்ரான்வியாவைப் பார்க்க இரண்டு டிக்கெட்

கிழவர்கள் பாடுவதைக் கேட்கக் காசைக் கொட்டுகிறாய் என்று என் புருஷன் அபேல் கிண்டல் செய்யாத வருஷமே கிடையாது. கொட்டினேன்தான். எனக்கு அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. எங்கள் தெருவில் பாதிப் பேர் சம்பளத்தைச் சேவல் சண்டையில் விடுகிறார்கள். நானும் பினிங்கும் ட்ரான்வியாவில் விட்டோம். பழைய மணிலாவில் ஓடிய டிராம் வண்டியின் பெயரைத் தங்களுக்கு வைத்துக்கொண்டு, எழுபத்தொன்பதில் பாட வந்த ஐந்து பேர் அவர்கள். இப்போது மூன்று பேர்தான் மிச்சம். ட்ரம்ஸ் அடிப்பவர் இடுப்புக்குப் பட்டை கட்டிக்கொண்டுதான் உட்காருவார். பாடகர் போரோங்குக்கு எழுபத்திரண்டு வயது. குரல் உச்சத்துக்குப் போக வேண்டிய இடம் வந்தால் மைக்கை எங்கள் பக்கம் நீட்டிவிடுவார். நாங்கள் பாடுவோம், அவர் மூச்சு வாங்கிக்கொள்வார். அதற்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறோம் என்பாள் பினிங்.

பினிங் என் பள்ளிக்கூடத் தோழி, என் மகனுக்கு ஞானத்தாய். அந்த உறவு வந்த பிறகு நாங்கள் ஒருவரையொருவர் 'மாரே' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டோம். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மலபோனில் தங்கை சாலுத்தோடு இருந்து பள்ளிச் சீருடைகள் தைத்தாள். வருஷத்துக்கு ஒன்றாக முப்பது கச்சேரிகள் பார்த்திருக்கிறோம். கச்சேரி முடிந்தால் மலபோன் வரைக்கும் போக அலுப்புப்பட்டுக்கொண்டு மரிகினாவில் எங்கள் வீட்டுக்கே வந்துவிடுவாள். இருவரும் சமையலறையில் நின்று முழுக் கச்சேரியையும் இன்னொரு தடவை பாடுவோம். பிறகு அவள் சோபாவில் படுத்துக்கொள்வாள். நான் மெட்டைப் பாட, அவள் அதற்குக் கீழே இழைந்து வரும் இரண்டாம் குரல் பாடுவாள். நல்ல குரல். ஆனால் எப்போதும் தாளத்துக்குக் கொஞ்சம் முந்திக்கொண்டு வரும். எத்தனை திட்டியும் அதை மட்டும் அவள் திருத்திக்கொள்ளவில்லை.

இந்த வருஷம் மணிலாவில், குபாவோ பகுதியில் இருக்கும் பெரிய அரங்கத்தில் கச்சேரி. நல்ல இருக்கைக்கு ஒன்பதாயிரத்து ஐந்நூறு பேசோ. அறுபது தாண்டியவர்களுக்கு அதில் இருபது சதவீதம் தள்ளுபடி. பினிங்குக்கு அறுபத்தொன்று, எனக்கு ஐம்பத்தொன்பது.

"வயசாகுறதுல இருக்கிற ஒரே லாபம் இதுதான், மாரே," என்று தன் முதியோர் அட்டையை என் முகத்துக்கு நேரே ஆட்டினாள். "நீ சின்னப் பொண்ணு. முழுசா எடுத்து வை."

அவள் பங்குக்குப் பழைய தையல் மெஷின் ஒன்றை விற்றாள். கச்சேரி சாயங்காலம் ஐந்து மணிக்கு என்று போட்டிருந்தார்கள். ரசிகர்கள் ஒன்பது மணிக்குள் தூங்க வேண்டுமே.

கச்சேரிக்கு நான்கு நாள் இருக்கும்போது, அன்றைக்குப் போட வைத்திருந்த ஜிகினா சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே கீழே உட்கார்ந்தாளாம். அதோடு சரி. சட்டையில் இஸ்திரிப் பெட்டி பதிந்த பிறகுதான் சாலுத் வாசனை பிடித்து ஓடி வந்திருக்கிறாள்.

எங்கள் வழக்கப்படி உடலுக்கு மருந்து ஏற்றி, சில நாள் வீட்டிலேயே வைத்திருந்தார்கள். கச்சேரி நாள் மத்தியானம் நான் போனேன். அபேலை விட்டுவிட்டுத்தான் போனேன், ஏனென்றால் அவன் நெஞ்சைத் திறந்து தைத்து அப்போது ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. துக்க வீட்டுக்கு அவன் வரக் கூடாது. நானும் அங்கிருந்து நேரே வீட்டுக்குப் போகக் கூடாது. எங்கள் ஊரில் துக்கம் கேட்டுவிட்டு வருகிறவர்கள் வழியில் வேறெங்காவது நின்றுவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவார்கள். பின்னால் வருவது அங்கேயே உதிர்ந்து போகட்டும் என்று. அதற்கு 'பக்பக்' என்று பெயர், உதறிவிடுவது. படித்தவன், டாக்டர், பாதிரியார் எல்லோரும் செய்வார்கள். செய்யாமல் போனால் வீட்டில் யார் பலவீனமாக இருக்கிறாரோ அவரைத்தான் அது முதலில் பிடிக்கும். எங்கள் வீட்டில் அது யார் என்று கேட்க வேண்டியதில்லை.

சாலுத் என் கையில் பினிங்கின் டிக்கெட்டைத் திணித்தாள்.

"வாசல்ல வித்துடு, அக்கா. பதினஞ்சாயிரம் வரைக்கும் கேக்குறாங்களாம்."

"சரி."

"நேரா வீட்டுக்குப் போயிடாதே. அங்க அபேல் மாமா இருக்காரு."

"கச்சேரிக்குப் போயிட்டுத்தானே போவேன்."

"அது போதும். அத்தனை ஆயிரம் பேர் நடுவுல எந்த ஆவிக்கும் வழி தெரியாது." அழுத கண்ணோடு அவளே சிரித்துவிட்டாள். வழக்கப்படி யாரும் என்னை வாசல்வரை வந்து வழியனுப்பவில்லை.

விற்கத்தான் போனேன், சத்தியமாக. அரங்கத்து வாசலில் தொப்பி போட்ட ஒருவன் பதினாறாயிரம் தருகிறேன் என்றான். அவன் நீட்டிய நோட்டுகளைப் பார்த்ததும் பினிங் விற்ற தையல் மெஷின்தான் ஞாபகம் வந்தது. வேறொருத்தி அந்த இடத்தில் உட்கார்ந்து போனில் படம் எடுத்துக்கொண்டிருப்பாள் என்ற நினைப்பே எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. போடா என்று சொல்லிவிட்டு வரிசையில் போய் நின்றேன்.

வாசலில் இருந்த பெண்ணிடம் இரண்டு டிக்கெட்டையும் கொடுத்தேன்.

"இன்னொருத்தர் எங்க, அம்மா?"

"வர்றா," என்றேன். எதற்காக அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அவள் இரண்டையும் கிழித்து உள்ளே விட்டாள்.

உள்ளே மூட்டுவலித் தைல நெடி. மூவாயிரம் முழங்கால்களுக்காவது தேய்த்திருப்பார்கள். எங்கள் வரிசையில் மடக்கு நாற்காலிகள், ஆள் எழுந்தால் தானே மேலே மடிந்துகொள்ளும் ரகம். என் வலது பக்கத்து நாற்காலியைக் கையால் கீழே அழுத்தி என் பையை வைத்தேன். விளக்கு அணைந்ததும், இவ்வளவு காசு கொடுத்த இடத்தில் பை உட்காருவதா என்று அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். நாற்காலி மடியவில்லை.

துருப்பிடித்திருக்கும் என்று நினைத்தேன். போரோங் மேடைக்கு வந்தார். அந்த முதல் சத்தத்தில் நான் எல்லாவற்றையும் மறந்துபோனேன். அழுதேன், கத்தினேன், பக்கத்தில் இருப்பவள் கையைப் பிடிக்கக் கையை நீட்டி வெறும் கைப்பிடியைப் பிடித்தேன். அது பனிக்கட்டி வைத்ததைப் போல் சில்லென்று இருந்தது. என் வலது தோள் முழுக்க அந்தக் குளிர் இருந்தது. குளிர்சாதனக் காற்று மேலே இருந்துதானே வரும், இது பக்கவாட்டில் வந்தது.

நான்காவது பாட்டில் போரோங் மைக்கை எங்கள் பக்கம் நீட்டினார். அரங்கமே பாடியது. அப்போது என் வலது காதுக்கு ஒரு முழத்தில், தாளத்துக்குக் கொஞ்சம் முந்திக்கொண்டு, இரண்டாம் குரல் கேட்டது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று கழுத்துக்கே தெரிந்திருந்தது. பாட்டு முடிந்ததும் முன் வரிசை அம்மாள் திரும்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "உங்க ஃப்ரெண்டு அருமையாப் பாடுறாங்க. பாடகியா?"

"யூனிஃபார்ம் தைக்கிறா," என்றேன். வாயில் அதுதான் வந்தது.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பயம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. முப்பத்தொன்றாவது கச்சேரியை அவள் தவறவிடவில்லை. மிச்சம் இருந்த ஒன்றரை மணி நேரமும் நாங்கள் சேர்ந்தே பாடினோம். நான் முன்னால் மட்டுமே பார்த்தேன்.

விளக்குகள் போட்ட பிறகுதான் பயம் வந்தது. கூட்டம் கலைந்தது. வரிசை வரிசையாக எல்லா நாற்காலிகளும் மடிந்து நின்றன. என் பக்கத்தில் ஒன்று மட்டும் விரிந்தபடி இருந்தது. நான் எழுந்தேன். என் நாற்காலி படாரென்று மடிந்தது. ஒரு நொடி கழித்து, அவசரம் இல்லாமல், பக்கத்து நாற்காலியும் மடிந்தது.

அப்போதுதான் என் முட்டாள்தனம் உறைத்தது. உதறிவிடப் போகிறவர்கள் இறந்தவருக்கு ஆசையில்லாத இடமாகப் பார்த்துப் போவார்கள். நான் அவளை அவளுக்கு மிகப் பிடித்த இடத்துக்கு டிக்கெட் கிழித்து அழைத்து வந்திருக்கிறேன். சரி, இங்கேயே இருந்துவிட்டுப் போகட்டும் என்றால், கச்சேரி முடிந்தால் அவள் எங்கே போவாள்? முப்பது தடவை எங்கே போனாளோ அங்கேதான். எங்கள் சோபாவுக்கு. நடுவில் ஒரு சுவர், அந்தப் பக்கம் தைத்த நெஞ்சோடு அபேல்.

"மாரே," என்றேன் படிக்கட்டில், உதடு அசையாமல். "இன்னைக்கு வேணாம். அபேலுக்கு உடம்பு சரியில்ல. உனக்குத் தெரியும்ல?"

வலது தோளில் குளிர் அப்படியே இருந்தது. பினிங் எதையும் காதில் போட்டுக்கொள்கிறவளா என்ன.

எதிர்த் தெருவில் ஒரு கஞ்சிக் கடைக்குள் நுழைந்தேன். ஒரு கிண்ணம் கோட்டோ கேட்டேன், குடல் போட்ட கஞ்சி. பரிமாறுகிற பெண் இரண்டு கிண்ணம் கொண்டுவந்து வைத்தாள்.

"ஒண்ணுதானே கேட்டேன்?"

"ரெண்டு பேர் வந்தீங்களே? அவங்க கை கழுவப் போயிட்டாங்களா?"

காசை வைத்துவிட்டு எழுந்தேன். பிறகு ஒரு மருந்துக் கடையில் நின்றேன், ஒரு தேவாலயத்து வாசலில் நின்றேன், ரயில் நிலையத்துப் படியில் ஏறி இறங்கினேன். எங்கேயும் அவள் உதிரவில்லை. வழக்கமாக வீட்டுக்குப் போகும் ஜீப்னி வண்டி வந்து நின்றபோது என் கால் தானாக நகர்ந்தது. வலது பக்கத்துக் குளிர் எனக்கு முன்னால் ஓடி ஏறப் பார்த்தது. நான் பின்னால் தள்ளி நின்றுகொண்டேன். வீட்டுக்குப் போக முடியாமல் நடுத்தெருவில் நின்று அழுதேன்.

அவளுக்கு எங்கள் வீட்டைவிடப் பிடித்தது உலகத்தில் ஒன்றுதான் உண்டு என்று அப்போது தோன்றியது. திரும்ப அரங்கத்துக்கு நடந்தேன், பின்வாசலுக்கு.

குழுவின் பேருந்து அங்கே நின்றிருந்தது. பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பேருந்தின் படியில் போரோங் உட்கார்ந்து, கழுத்தில் துண்டோடு, ஆவியில் வெந்த சியோபாவ் பன் தின்றுகொண்டிருந்தார். முப்பத்தொரு வருஷத்தில் அத்தனை கிட்டத்தில் அவரை நான் பார்த்ததில்லை. கன்னத்தில் பவுடர் திட்டுத்திட்டாக இருந்தது. தேகம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை அந்த மனுஷனுக்கு.

"எத்தனாவது தடவைம்மா?" என்று அவராகவே கேட்டார்.

"முப்பத்தொண்ணு."

"அடேயப்பா. வீடே கட்டியிருக்கலாமே!" என்று சிரித்தார். பிறகு என் வலது தோளுக்கு அந்தப் பக்கம் பார்த்தார். "இவங்களும் முப்பத்தொண்ணா?"

"ஆமாங்க. சேர்ந்துதான் வருவோம்."

"ரெண்டாம் குரல் நீங்கதானா? மேடை வரைக்கும் கேட்டுச்சு." வெற்றிடத்தைப் பார்த்து விரலை ஆட்டினார். "ஆனா கொஞ்சம் முந்துறீங்க, அம்மா."

"நாளைக்கு எந்த ஊரு?" என்று கேட்டேன்.

"நாகா. அப்புறம் லெகாஸ்பி, சோர்சோகோன். பத்து நாள்."

"இவளுக்கு உங்களோடயே எல்லா ஊருக்கும் வரணும்னு ஆசை. இடம் இருக்குமா?"

விளையாட்டுக்குக் கேட்கிறேன் என்று நினைத்தார். ரசிகைகளிடம் அவர் ஐம்பது வருஷமாகப் பேசிய பேச்சு அது. "பின் சீட்டு முழுக்கக் காலி. ஏறுங்கம்மா, ஏறுங்க!" என்று முழங்காலை ஒதுக்கி வழிவிட்டார்.

இவள் செவ்வாய்க்கிழமை செத்துப்போனாள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வாக்கியம். அபேலின் நெஞ்சில் மேலிருந்து கீழாக ஓடும் அந்தச் சிவப்புக் கோட்டை நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். பேருந்தின் படி லேசாகக் கிறீச்சிட்டது. என் தோள் சட்டென்று சூடானது, வெயிலில் போய் நின்றதைப் போல. போரோங் துண்டை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டு, "திடீர்னு குளிருது," என்றார்.

வீட்டில் அபேல் குத்துச்சண்டை பார்த்துக்கொண்டிருந்தான். "தனியாவா வந்தே?" என்றான்.

"தனியாத்தான்," என்றேன். அன்று நான் நன்றாகத் தூங்கினேன், அதையும் மறைக்க விரும்பவில்லை.

அபேல் தேறினான். மூன்றாம் நாள் தெருமுனை வரை நடந்தான், ஐந்தாம் நாள் சந்தைக்குப் போய் மீன்காரியோடு சண்டை பிடித்துவிட்டு வந்தான். பினிங்கின் ஒன்பதாம் நாள் ஜபத்துக்குப் போய், அது முடிந்து சாலுத்தோடு அவள் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது ரேடியோவில் சொன்னார்கள். சோர்சோகோனில், மூன்றாவது பாட்டின் நடுவில், போரோங் மேடையிலேயே உட்கார்ந்துவிட்டாராம். மூச்சு வாங்குகிறார் என்று ஜனங்கள் அவருக்காகப் பாடினார்களாம். பாட்டை முழுவதும் பாடி முடித்துக் கை தட்டிய பிறகுதான் தெரிந்ததாம்.

"எழுபத்திரண்டு வயசு. குடுத்து வச்ச சாவு," என்றாள் சாலுத்.

நான் தட்டைக் கீழே போட்டு உடைத்தேன். பிறந்ததிலிருந்து நான் இந்த உதறலைச் செய்துகொண்டிருக்கிறேன். ரொட்டிக் கடையில், பெட்டிக் கடையில், யாரோ ஒருவரின் கல்லாவுக்கு முன்னால். என்னோடு வந்ததை அங்கே இறக்கிவிட்டு லேசாக நடந்து போயிருக்கிறேன். இறக்கிவிட்ட இடத்தில் இருக்கிறவர்களுக்கு என்ன ஆயிற்று என்று ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. யாரும் கேட்டதில்லை.

கேசோன் சிட்டியில் ஒரு தேவாலய மண்டபத்தில் அவரை வைத்திருந்தார்கள். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் கொன்றவள் வராமல் மற்றவர்கள் மட்டும் வந்து அழுவதா? மூன்று மணி நேரம் வரிசையில் நின்றேன். எல்லோரும் கறுப்புச் சட்டை, எல்லோர் கையிலும் பழைய டிக்கெட்டுகள். பெட்டிக்குப் பக்கத்தில் அவர் மனைவி ஒவ்வொருவர் கையையும் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தார். சின்னஞ்சிறு அம்மாள்.

"கடைசி நாள் வரைக்கும் சந்தோஷமா இருந்தாரு," என்றார் என்னிடம். "தினம் போன்ல சொல்வாரு. பஸ்ஸு பின் சீட்டுல ஒரு அம்மா வழியெல்லாம் ரெண்டாம் குரல் பாடிட்டு வர்றாங்களாம். நல்ல குரலாம். யாருன்னு தெரியல. நீங்க ரசிகைதானே, உங்களுக்கு யாராவது தெரியுமா?"

"தெரியாதுங்க," என்றேன். அவர் என் கையை இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு விட்டார். அந்தக் கை சூடாக இருந்தது. அதனால்தான் என் தோள்கள் குளிர்வது எனக்கு உடனே தெரிந்தது. இந்தத் தடவை இரண்டு தோளும்.

வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. எதிரே ஒரு ரொட்டிக் கடை. வரிசையிலிருந்து வெளியே வந்த கறுப்புச் சட்டைக்காரர்கள் அத்தனை பேரும் நேரே அதற்குள்தான் போனார்கள். உதற வேண்டுமே. ஆளுக்கொரு ரொட்டி வாங்கிக்கொண்டு, சிரித்தபடி, லேசான தோள்களோடு வெளியே வந்தார்கள். கல்லாவில் நின்ற பெண்ணுக்கு ஏழு மாதம் இருக்கும். ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தாள். யாரும் தள்ளாமலே கடைக் கதவு திறந்து திறந்து மூடியதைச் சாலையின் இந்தப் பக்கமிருந்து நான் பார்த்தேன்.

போன் அடித்தது. அபேல்.

"எங்கே இருக்கே? முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"எங்கயாவது நின்னுட்டுத்தானே வருவே? வர்ற வழியில ரொட்டி வாங்கிட்டு வா. நான் சாதம் வச்சு மீனும் பொரிச்சுட்டேன். நானே நின்னு பொரிச்சேன்டி, மூச்சு வாங்கவே இல்ல."

பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெஞ்சு இருந்தது, ஆள் இல்லாத பெஞ்சு. அதன் நடுவில் போய் உட்கார்ந்தேன். இடது பக்கம் யாரோ தொண்டையைக் கனைத்துச் சுருதி சேர்ப்பது கேட்டது. வலது பக்கம் அதற்குள் பாட ஆரம்பித்தாயிற்று.

"அபேல், நீ சாப்பிட்டுப் படு. கதவைத் தாழ் போட்டுக்கோ."

"ஏன்? உன்கிட்ட சாவி இல்லையா?"

"இருக்கு."

"அப்புறம் தாழ் போட்டா நீ எப்படி உள்ள வருவே?"

"போட்டுக்கோ, அபேல்," என்றேன். "நான் தட்டினாலும் திறக்காதே." முப்பத்திரண்டு வருஷக் கல்யாணத்தில் நான் அவனிடம் கெஞ்சியது அதுதான் முதல் தடவை.